மூன்று நாள் இறக்கக் கூடாத கண்ணாடி

டாக்ஸி ஓட்டுகிற யாராவது தன் வண்டிக்குத் தானே காசு கொடுத்துக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவார்களா? சொந்தக் காரில் ஒட்டினாலே பிடிக்கிறார்கள். டாக்ஸியில் ஒட்டினால் கேட்கவே வேண்டாம். உள்ளே இருக்கிறவர் முகம் வெளியே தெரிய வேண்டும் என்பது சட்டம், அது எனக்கு மனப்பாடம். அப்படியிருந்தும் ஒட்டினேன். நாலு கதவுக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் சேர்த்து, கடையில் இருந்ததிலேயே கறுப்பான சரக்காகப் பார்த்து ஒட்டினேன்.

ஃபிலிம் ஒட்டுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சினிமாக்காரங்க யாராவது ஏர்றாங்களா உங்க வண்டில?"

"நானே ஒரு சினிமாதான். ஒட்டுங்க."

"டாக்ஸிங்க இது. முதல் சிக்னல்லயே மடக்குவாங்க."

"மடக்கினா உங்க பேரையா சொல்லப் போறேன்? ஒட்டுங்கண்ணே."

மனிதர் கண்ணாடியின் உள்பக்கம் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, ஃபிலிமை விரித்து, ரப்பர் கட்டையால் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி ஒட்டினார். முடித்ததும் கண்ணாடி இறக்குகிற பட்டன்கள்மேல் ஒவ்வொன்றாக டேப் ஒட்டினார்.

"மூணு நாளைக்குக் கண்ணாடிய இறக்கவே கூடாது. உள்ள ஈரம் இருக்கு. இறக்கினா எல்லாம் சுருட்டிக்கிட்டு வந்துடும். அப்புறம் என்கிட்ட வந்து சண்டை போடக் கூடாது."

மூன்று நாள் யாருக்கு வேண்டும்? எனக்கு ஒரே ஒரு மதியம் போதும். என் அக்காவை இந்த ஊரைத் தாண்டிக் கொண்டுபோய் விடுகிற வரைக்கும்.

அக்கா புருஷன் இந்த ஊர் டிராஃபிக் இன்ஸ்பெக்டர். வெளியில் விசாரித்தால் அவரைப் போலத் தங்கமான மனிதர் கிடையாது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் தானே ரோட்டில் இறங்கிப் பிள்ளைகளைக் கைபிடித்துத் தாண்டிவிடுவார். வயதானவர்கள் வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தினால் திட்ட மாட்டார், சிரித்துக்கொண்டே "தள்ளி விட்டுக்கலாமா ஐயா" என்பார். என்னைப் பார்த்தால் "வாம்மா, எப்படிப் போகுது தொழில்?" என்று அவ்வளவு அன்பாகக் கேட்பார். நானும் பல வருஷம் அத்தான் அத்தான் என்று உருகியவள்தான். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு அவர் யார் என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் இரண்டு தடவை கிளம்பிப் பார்த்தாள். முதல் தடவை பஸ் ஸ்டாண்டில், கடைசி பெஞ்சில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தவளை ஒரு போலீஸ்காரர் பார்த்துவிட்டார். "ஐயா வீட்டு மேடம் தனியா உக்காந்திருக்காங்க" என்று மரியாதையாகத் தகவல் போனது. மரியாதையாகவே ஜீப்பும் வந்தது. இரண்டாவது தடவை ரயில் ஸ்டேஷன். அப்போதும் அதே மரியாதை, அதே ஜீப். இந்த ஊரில் சந்திக்குச் சந்தி நிற்கிற அத்தனை பேருக்கும் அவள் முகம் தெரியும். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்த முகமாயிற்றே. ரயில் ஸ்டேஷனிலிருந்து கூட்டிப்போன அன்று வீட்டில் என்ன நடந்தது என்று அவள் இதுவரை வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு இடது காது கேட்பதில்லை. அது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

அடுத்த ஊரில் பெண்களுக்கான இல்லம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு வக்கீலம்மா வருவார். அவர் முன்னால் அக்கா தன் வாயால் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், பிறகு ஜீப்பில் வந்து யாரும் மரியாதையாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது. போனில் பேசியபோது அந்த அம்மா சொன்னார், "எப்படியாவது இங்க வந்து சேரட்டும், மீதிய நான் பாத்துக்கறேன்." அந்த 'எப்படியாவது'தான் என் தலையில் விழுந்தது. தெரிந்த டிரைவர்கள் இரண்டு பேரிடம் சாடையாகக் கேட்டுப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் வீட்டு விவகாரம் என்றதும் ஆளை விடு என்று கும்பிடு போட்டுவிட்டார்கள். அதனால்தான் என் வண்டி. அதனால்தான் அந்தப் பாழாய்ப் போன ஃபிலிம்.

போலீஸ் குடியிருப்பின் பின்பக்கம் குப்பைத் தொட்டிகள் வரிசையாக இருக்கிற சந்தில் வண்டியை நிறுத்தினேன். மதியச் சாப்பாட்டு நேரம். சிக்னலில் நிற்கிறவர்கள் ஒருவர் போய் ஒருவர் வருகிற இடைவெளி. அக்கா வந்தாள். துவைக்கப் போடுகிற துணிக்கூடை ஒன்று இடுப்பில். யாராவது பார்த்தால் துணி காயப்போடப் போகிறாள் என்றுதான் நினைப்பார்கள். அவள் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொண்டதெல்லாம் அந்தக் கூடைக்குள் இருந்தது.

"ஏறு, ஏறு. கீழ படு."

"எங்க கீழ?"

"சீட்டுக்குக் கீழ, காலு வைக்கிற இடத்துல. போர்வை இருக்கு பாரு, மூடிக்கோ. போன் கொண்டு வந்தியா?"

"அடுப்பு மேடைல வச்சுட்டேன்."

"நல்லது. நான் சொல்ற வரைக்கும் தலைய தூக்காத. தும்மல் வந்தாலும் முழுங்கிடு."

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் மடங்கிப் படுத்தாள். சொன்னபடி கேட்பது அவளுக்குப் பழகிப்போனது. நான் போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன்.

கண்ணாடி இறக்க முடியாது, ஏ.சி.யோ பேருக்குத்தான் ஓடும். வண்டிக்குள் பசை வாடையும் சோப்பு வாடையும் சேர்ந்து குமட்டியது. முதல் சிக்னல் காலி. இரண்டாவதில் ஒருவர் நின்றிருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார். கை வியர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. பின்னாலிருந்து சத்தமே இல்லை.

"அக்கா, உயிரோட இருக்கியா?"

"தும்மல முழுங்கிட்டேன்" என்றது போர்வை.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் மேம்பாலத்தின் இறக்கத்தில் அவர்களைப் பார்த்தேன். ரோட்டை மறித்து இரண்டு தடுப்புகள். நாலைந்து போலீஸ்காரர்கள். ஓரமாக வரிசைகட்டி நின்ற கார்கள் எல்லாமே கறுப்புக் கண்ணாடிக் கார்கள். அன்றைக்கென்று பார்த்து ஃபிலிம் பிடிக்கிற சோதனை.

பாலத்தில் திரும்ப வழி கிடையாது. என் பின்னால் ஒரு லாரி. எனக்கு முன்னால் போன வெள்ளைக் காரை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. என் வண்டியைப் பார்த்ததும் ஒரு கை நீண்டது.

வந்தவர் வயதானவர், தொப்பை வைத்தவர். கண்ணில் அவர் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடி என் வண்டிக் கண்ணாடியைவிடக் கறுப்பு. வேறொரு நாளாக இருந்தால் அதை அவரிடமே சொல்லியிருப்பேன். என் வாய் அப்படி. கண்ணாடியைத் தட்டினார்.

"இறக்கு."

பட்டன்மேல் டேப். பழக்கதோஷத்தில் கை அங்கே போய்த் திரும்பியது. கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினேன்.

"கண்ணாடி இறங்காது சார்."

"ஏன்?"

"மோட்டார் ரிப்பேர்."

"நாலு கண்ணாடிக்கும் ரிப்பேரா?" குனிந்து உள்ளே பார்த்தார். டேப் ஒட்டிய பட்டன்கள் கண்ணில் பட்டன. "ஓஹோ. நேத்து ஒட்டினதா? ஈரம்கூட காயல. டாக்ஸில! ஏம்மா, உனக்கு எவ்வளவு தைரியம்?"

"ஒரு குழந்தைக்காக சார். வெயில் பட்டா உடம்பெல்லாம் கொப்பளம் வந்துடும். தினம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"டாக்டர் சீட்டு?"

"வீட்ல இருக்கு."

"குழந்தையும் வீட்லதான் இருக்கா?"

அவர் கை என்னைத் தாண்டி உள்ளே நீண்டு வண்டிச் சாவியைத் திருகி எடுத்தது. என்ஜின் நின்றது. அந்தச் சாவி அவர் விரலில் தொங்கியது. அக்காவின் உயிரே அந்த வளையத்தில் தொங்குவதுபோல இருந்தது.

"சாவிய எதுக்கு சார் எடுக்கறீங்க? அபராதம்தானே, போடுங்க, கட்டிடறேன். போய் முதல் வேலையா எடுத்துடறேன்."

"இங்கயே எடு. என் கண்ணு முன்னால எடுத்துட்டு, ரசீத வாங்கிட்டுப் போ. எல்லாருக்கும் அதான் இன்னிக்கு."

எடுக்கத்தான் வேண்டும். டிரைவர் பக்கக் கண்ணாடியில் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். ஈரம் காயாத ஃபிலிம் அல்லவா, பாலில் ஆடை எடுப்பதுபோல வந்துவிட்டது. பக்கத்துக் கண்ணாடியும் அப்படியே. நான் வேண்டுமென்றே நிதானமாக எடுத்தேன். வெயிலில் நின்று நின்று அவருக்கே அலுத்துப்போய் 'போ, போ' என்று விரட்டமாட்டாரா என்று ஒரு நப்பாசை. எடுக்கும்போதே உடம்பால் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை மறைத்துக்கொண்டேன். போர்வை மூச்சு விடுவது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்துவிடுமோ?

"பின்னாடியும்."

"பின்கதவு பூட்டு கெட்டுப் போச்சு சார். திறக்க வராது."

"கண்ணாடி ரிப்பேரு, பூட்டு ரிப்பேரு. வண்டில எதுதாம்மா நல்லா இருக்கு?"

பின்கதவின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். உள்ளே பூட்டியிருந்தேன். மறுபடி இழுத்தார். பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. மடக்கி நிறுத்தப்பட்ட கார்க்காரர்கள் தங்கள் கண்ணாடியைச் சுரண்டுவதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். நடைபாதையில் போனவர்கள் நின்றார்கள். சண்டை என்றால் நம் ஆட்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாமே. இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். எனக்கு அவர்களை அப்படியே அறையலாம் போல இருந்தது. பார்க்காதீர்கள், யாரும் இந்த வண்டியைப் பார்க்காதீர்கள் என்று மனசுக்குள் கத்தினேன்.

தொப்பைக்காரர் தோளில் இருந்த வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோனார். டாக்ஸி, கறுப்பு ஃபிலிம், டிரைவர் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி என் வண்டி நம்பரைப் படித்தார்.

அந்த நம்பரை இந்த ஊரில் ஒருவர் நன்றாக அறிவார். அவர்தான் எனக்கு இந்த வண்டிக்குப் பர்மிட் வாங்க அலைந்தவர்.

வயர்லெஸ் கரகரத்தது. பிறகு கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு அத்தானின் குரல், எப்போதும் போல அமைதியாக, இனிமையாக:

"அந்த வண்டி அங்கயே நிக்கட்டும். யாரையும் இறங்க விடாதீங்க. நானே வரேன்."

அக்காவுக்கு வலது காது நன்றாகக் கேட்கும். சீட்டுகளுக்கு நடுவில் போர்வை ஒரேயடியாக உள்ளே சுருங்கியதைப் பார்த்தேன். அத்தான் வீட்டுக்குப் போன் அடித்திருப்பார், அடுப்பு மேடையில் அது அடித்து அடித்து ஓய்ந்திருக்கும். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

என் வாய்ச்சவடால் எல்லாம் போன இடம் தெரியவில்லை. அந்தப் போலீஸ்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆமாம், நடுரோட்டில்.

"சார், சாவிய கொடுங்க சார். உங்க கால்ல விழறேன். கொடுத்துடுங்க."

"ஏய், கைய விடும்மா. என்ன இது? உள்ள என்ன வச்சிருக்க? என்ன கடத்தற?"

'கடத்தற' என்ற சொல் கூட்டத்தில் விழுந்ததும் எல்லோரும் இன்னும் நெருங்கி வந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். பின்பக்கக் கதவுக் கண்ணாடியின் மேல் மூலையில் ஒரு துளி வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ஒரு நகம். பிறகு இரண்டு விரல். கறுப்பு உள்ளேயிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது. முதலில் நெற்றி தெரிந்தது, பிறகு கண், வியர்வையில் ஒட்டிக்கொண்ட முடி, பிறகு முழு முகம். அக்கா சீட்டின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உரித்த ஃபிலிமைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, பூட்டைத் திறந்து கதவை அகலமாகத் தள்ளினாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஐயோ அக்கா, குனி!"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

தொப்பைக்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம்? நீங்களா?"

"நான்தாங்க. நல்லா இருக்கீங்களா?" என்றாள். டீ கொடுக்கும்போது கேட்பதுபோல. "இவ என் தங்கச்சி. எதையும் கடத்தல. நான்தான் வீட்ட விட்டுப் போறேன்."

ஹாரன் அடித்த லாரிக்காரர்கூட நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"மேடம், ஐயா வந்துட்டிருக்காரு. எதுவா இருந்தாலும்..."

"வரட்டும். ரெண்டு தடவ என்னக் கூட்டிட்டுப் போனாரு. ரெண்டு தடவையும் பக்கத்துல ஒரு ஆள் இல்ல. ஒதுக்குப்புறமா பாத்து நான்தான் உக்காந்திருந்தேன், யாரும் பாக்கக் கூடாதுன்னு." கூட்டத்தை ஒரு சுற்று பார்த்தாள். "இப்ப இவ்வளவு பேர் பாக்கறீங்க. நல்லாப் பாருங்க."

எனக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது. நானும் அவளை ஒதுக்குப்புறமாகத்தானே கொண்டுபோனேன், போர்வையைப் போட்டு மூடி, தும்மாதே என்று மிரட்டி. ஃபிலிம் ஒட்டாமல் அவளைப் பின்சீட்டில் சாதாரணமாக உட்கார வைத்து ஓட்டியிருந்தால், முன்னால் போன வெள்ளைக் கார் மாதிரி நாங்களும் இந்நேரம் ஊரைத் தாண்டியிருப்போம்.

அவள் மறுபக்கக் கதவுக் கண்ணாடிக்கு நகர்ந்தாள். அதையும் உரித்தாள். பிறகு சீட்டில் முட்டி போட்டுத் திரும்பிப் பின்கண்ணாடியில் கை வைத்தாள். வெயில் நேராக அடித்த கண்ணாடி அது, பசை இறுகிப் போயிருந்தது. முழுசாக வராமல் துண்டு துண்டாகக் கிழிந்தது.

"என்னடி பாத்துட்டு நிக்கற? வந்து பிடி."

ஓடிப்போய் அவள் பக்கத்தில் முட்டி போட்டேன். இரண்டு பேரும் சுரண்டினோம். என் நகம் பிய்ந்தது, வலி தெரியவில்லை. அவள் கை நிற்கவில்லை. பின்கண்ணாடியின் நடுவில் இன்னும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு இருக்கும்போது அந்தக் கறுப்புக்குப் பின்னால் ஜீப் வந்து நின்றது.

அத்தான் இறங்கினார். சிரித்த முகம். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கூட்டத்துக்குக் கும்பிடு போடாத குறை. திறந்த கதவருகே குனிந்தார்.

"என்னம்மா இது, ரோட்டுல? வா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"நான் வரல."

"எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"அதுக்குத்தான் உரிக்கறேன்" என்றாள் அவள், கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமல்.

அவர் கை கதவுக்குள் நீண்டது. அவள் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. கூட்டத்தில் உயர்ந்த போன்களை அவர் பார்த்தார். இரண்டு இருந்தவை இப்போது எத்தனை என்று எண்ணவே முடியாது. சற்று முன் அறையலாம் என்று நினைத்த அந்தக் கைகளை எல்லாம் எனக்குக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அத்தான் கையை இழுத்துக்கொண்டார். சிரிப்பு அப்படியே இருந்தது.

ஆனால் அவர் சும்மா போகிற ஆள் இல்லை. நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி, சட்டம் பேசுகிற குரலில் சொன்னார்.

"குடும்ப விஷயத்த விடுங்க. டாக்ஸில கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது. அது குத்தம். வண்டிய ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போங்க. உள்ள இருக்கறவங்க உள்ளயே இருக்கட்டும்."

ஸ்டேஷன் வாசலுக்குள் போய்விட்டால் இந்தக் கூட்டம் கூட வராது. கதவைச் சாத்துவார்கள். அவ்வளவுதான். நான் ஒட்டின ஃபிலிம், என் காசு, என் சாமர்த்தியம், அதுவே அவளை அவர் கையில் பிடித்துக் கொடுக்கப் போகிறது.

தொப்பைக்காரர் வண்டியில் ஏறவில்லை. சாவி அவர் விரலில் இருந்தது. அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒவ்வொரு கண்ணாடியாக நின்று பார்த்தார். பின்கண்ணாடிக்கு வந்தபோது அக்கா கடைசித் துண்டை இழுத்துக்கொண்டிருந்தாள். அது வரவில்லை. அவர் நின்றார். அவள் குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகமும் இந்தப் பக்கம் அவள் முகமும் ஒரு நிமிஷம் எதிரெதிரே இருந்தன.

"ஐயா, கண்ணாடில ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

"என்ன?"

"எடுத்துட்டாங்க ஐயா. எடுத்துட்டா அபராதம் மட்டும் போட்டு அனுப்பணும்னு காலைல நீங்கதான் சொன்னீங்க. அவங்க எல்லாரையும் அப்படித்தான் அனுப்பறேன்." ஓரத்தில் நின்ற கார்களைக் காட்டினார். குரலில் எந்த வீரமும் இல்லை. மேலதிகாரியிடம் எப்போதும் பேசுகிற அதே பவ்யம்தான்.

"நான் சொல்றேன், வண்டிய எடுங்க."

"எந்தக் குத்தத்துக்குன்னு எழுதட்டுங்க ஐயா?"

கூட்டத்தில் ஒருவர், அவரும் தன் காரைச் சுரண்டிக்கொண்டிருந்தவர்தான், கையில் ஃபிலிம் துண்டோடு சத்தமாகச் சொன்னார்: "எங்களுக்கு ஒரு சட்டம், அவங்களுக்கு ஒரு சட்டமா சார்?" இன்னும் இரண்டு குரல்கள் சேர்ந்துகொண்டன. லாரிக்காரர் வேண்டுமென்றே நீளமாக ஒரு ஹாரன் அடித்தார்.

அத்தான் அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்குள் மட்டும் இருந்த அந்த முகத்தை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். ரோட்டில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அது அவருக்கும் தெரிந்துவிட்டது போல. சட்டென்று திரும்பி ஜீப்பில் ஏறினார்.

தொப்பைக்காரர் ரசீதை எழுதிக் கிழித்தார். அபராதத்தைக் கட்டினேன். சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இனிமே ஒட்டாத" என்றார். அவ்வளவுதான். அக்காவின் பக்கம் திரும்பவில்லை. அவர் எங்களுக்காகச் செய்தாரா, இல்லை சட்டத்தைத்தான் சொன்னாரா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவரைக் கேட்கவும் முடியாது, வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள்.

வண்டியை எடுத்தேன். முதல் தடவை என்ஜின் நின்றுவிட்டது. இரண்டாவது தடவை கிளம்பியது. அக்கா பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மடி நிறையக் கறுப்புச் சுருள்கள், விரலெல்லாம் பசை.

"பின்னாடி வர்றாரா?" என்றாள்.

கண்ணாடியில் பார்த்தேன். ஜீப் நின்ற இடத்திலேயே இருந்தது. "இல்ல."

"பொய் சொல்லாத."

"நீயே திரும்பிப் பாரேன். இப்பத்தான் எல்லாம் தெரியுதே."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டன்மேல் இருந்த டேப்பைப் பிய்த்துவிட்டுத் தன் பக்கத்துக் கண்ணாடியைக் கடைசி வரை இறக்கினாள். வெயிலும் புழுதியும் உள்ளே வந்தன.

ஊர் எல்லையில் கடைசி சிக்னல் சிவப்பில் நின்றது. நடுவில் ஒரு போலீஸ்காரர். எங்கள் பக்கம் திரும்பினார். என் கழுத்து தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டது. 'குனி' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அக்கா அந்தப் போலீஸ்காரரை நேராகப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். யார் என்று தெரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன், புருவம் லேசாக உயர்ந்தது, கை வயர்லெஸ்ஸை நோக்கிப் போனது. அவள் அப்போதும் கண்ணை எடுக்கவில்லை. கை மட்டும் முன்னால் நீண்டு என் தோளைப் பிடித்துக்கொண்டது. பசையும் வியர்வையுமாக, வலிக்கிற மாதிரி பிடித்திருந்தாள்.

பச்சை விழுந்தது.

"போ" என்றாள் அக்கா. அன்றைக்கு எனக்கு அவள் இட்ட முதல் கட்டளை அது இல்லை. ஆனாலும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொன்னபடி போனேன்.